கிராணி கண்ட வீடு

விழுப்புரம் சந்திப்பில் இறங்கிய காலை எனக்குப் பசி இல்லை. ஆனாலும் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து இட்லி கேட்டேன். எங்கள் ஊர் இட்லியில் பாதி அளவுதான். ஆனால் விரல் பட்டாலே உடைகிற மென்மை. சாம்பார் வாளியோடு வந்தவர் கேட்காமலே ஊற்றினார். பக்கத்து மேசைக்காரர், "இன்னாய்யா சாம்பாரு, தண்ணி மாதிரி இருக்குது" என்று திட்டிக்கொண்டே மூன்றாம் முறையாக ஊற்றச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அங்கே மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் மலேசியாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கம், ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் அண்ணன் மாணிக்கம் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். குடியுரிமையும் கிடைக்காமல் வேலை அனுமதியும் கிடைக்காமல், எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அப்பா பிறந்த ஊருக்கே திரும்பிப் போனார். கெடாரைத் தாண்டி, பனமலைக்குப் போகிற பக்கம் சின்ன ஊர். பெரியப்பா மகன் கோவிந்தண்ணன் அவரைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்டு, அப்பாவின் பங்கு நிலத்தையும் பிரித்துக் கொடுத்தார். அண்ணன் அங்கேயே திண்டிவனத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். சரோஜா அண்ணியை நான் கல்யாணப் படத்தில் பார்த்ததோடு சரி. அண்ணன் ஒரு வருடத்துக்கு மேலாக வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார், உயிரோடு பார்க்க வேண்டுமானால் வா என்று செய்தி வந்தது. பள்ளி விடுமுறையோடு இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கெடார் பக்கம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் மடியில் மூட்டையோடு உட்கார்ந்தாள். மூட்டையில் என்ன என்று கேட்டேன். "மல்லாட்டை" என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஒன்றை உடைத்துக் காட்டினாள். நாங்கள் கச்சாங் என்று சொல்லும் நிலக்கடலை. அப்பா சாகும் வரை அதை மல்லாட்டை என்றுதான் சொன்னார். எங்களுக்கெல்லாம் அது அவருடைய செல்லப் பேச்சு என்று எண்ணம்.

ஊர் எல்லை தாண்டியதும் இஞ்சினில் புகை வந்தது. "அல்லாரும் எறங்குங்க, ரவ நேரம் ஆவும்" என்றார் நடத்துனர். புளிய மரத்தடியில் ஒதுங்கினோம். ஓட்டுனர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவரப் போனார்.

மல்லாட்டைக்காரி கேட்டாள். "யாரு வூட்டுக்குப் போறீங்க?"

ஊரையும் கோவிந்தண்ணன் பெயரையும் சொன்னேன்.

"அந்த மருந்து வெச்ச வூடா?"

மருந்து என்றால் எனக்கு ஆஸ்பத்திரி மருந்துதான் தெரியும். விழித்தேன்.

"பொண்டாட்டியே புருசனுக்கு சோத்துல மருந்து வெச்சிக் குடுத்துட்டா. மனுசனுக்கு வருசமா போயிக்கினே இருக்குது. எலும்புதான் மிச்சம். நீங்க இன்னா ஒறவு?"

"தங்கச்சி" என்றேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

கோவிந்தண்ணன் மாட்டு வண்டியோடு காத்திருந்தார். நெடிய மனிதர். வெயிலில் கறுத்த முகம். அப்பாவின் மூக்கு. "வா லட்சுமி. பஸ்ஸு பேஜாரு பண்ணிட்டுதா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியில் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். "வந்து பாரு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒரு கிழவர் படுத்திருந்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன். "லெச்சுமி" என்று கூப்பிட்ட பிறகுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. ஐம்பது வயது ஆகவில்லை. தொடையில் சதை இல்லை. ஆனால் பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தலைமுடி செம்பட்டையாகி, கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. நகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கடல் கடந்து வந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில இன்னா சாப்ட்ட?"

"இட்லி, அண்ணே."

"சாம்பாரா, சட்னியா?"

"சாம்பார்."

"முள்ளங்கி போட்டிருந்தானா?"

ஞாபகமில்லை. போட்டிருந்தான் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கினார்.

மதியம் கோவிந்தண்ணன் மனைவி தனம் அண்ணி எனக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். களியைக் குழித்து, நடுவில் குழம்பை ஊற்றிச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார். உறைப்பில் கண்ணீர் வந்தாலும் கை நிற்கவில்லை. அவர் மட்டும் மோரில் கரைத்த சோற்றைக் குடித்தார், குழம்பைத் தொடவில்லை. ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு நொய்க் கஞ்சி போனது. நாள்பட்ட வயிற்றுப்போக்கை அங்கே கிராணி என்கிறார்கள், அதற்குப் பத்தியமாம். பல மாதங்களாக அவருக்கு எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை, மீன் இல்லை, ஒரு பிடி கீரை கூட இல்லை. அந்தக் கஞ்சியும் உள்ளே போன சிறிது நேரத்தில் வெளியே வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போன கோவிந்தண்ணனுக்கு உதவியாக நான் தண்ணீர் எடுத்துப் போனேன். பார்த்ததை எழுதத்தான் வேண்டும். வெளுத்து, நுரைத்து, எண்ணெய் மினுக்கோடு, ஊற்றிய தண்ணீரின் மேல் மிதந்தது. அந்த நாற்றத்தில் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கோவிந்தண்ணன் முகம் சுளிக்கவில்லை. தம்பியைக் குழந்தைபோல் கழுவித் துடைத்துத் தூக்கி வந்தார். இதைத் தினமும் பலமுறை செய்கிறவர் அவர். இதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் எழுதப் போவதைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குடிக்க அண்ணன் வாயைத் திறந்தபோது நாக்கைப் பார்த்தேன். பச்சை மாமிசம் போலச் சிவந்திருந்தது. சொரசொரப்பே இல்லை, கண்ணாடி போல வழவழப்பு. ஓரங்களில் புண். உப்புப் பட்டால்கூட எரிகிறது என்றார்.

கோவிந்தண்ணன் நடந்ததைச் சொன்னார். முதலில் டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். மாத்திரையில் சில நாள் நிற்கும், மறுபடி போகும். காச நோயோ என்று படம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. அடுத்து நாட்டு மருந்து. அதிலும் நிற்கவில்லை. கடைசியாக, வைத்த மருந்தை எடுக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

"வயித்து மேல கொழல வெச்சி உறிஞ்சி, எலையில துப்புனாரு. கறுப்பா, மயிரு சுத்திக்கினு ஒண்ணு வந்து வுயிந்துது. நாங்க அல்லாரும் கண்ணால பாத்தோம். யாரு வெச்சதுன்னு கேட்டோம். சோறு போட்ட கைன்னாரு."

சோறு போட்ட கை சரோஜா அண்ணியுடையது. அவள் இல்லவே இல்லை என்று அழுதாள். திருவாமாத்தூர் கோயிலில் ஒரு வட்டப்பாறை இருக்கிறது. அதன் மேல் கை வைத்துப் பொய் சொன்னவர் தப்ப முடியாது என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை. அங்கே அழைத்துப்போய்ச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். கை நடுங்கியது என்று தனம் அண்ணிதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பாறைமேல் வைத்தாராம். சரோஜா அண்ணி சத்தியம் செய்தாள். அடுத்த மாதமே அவளுக்கும் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது.

"பாறை வுடல" என்றார் கோவிந்தண்ணன். "பொய் சத்தியம் பண்ணவள வயித்துலயே அடிச்சிட்டுது. அதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்? அவ அண்ணன் வந்து திண்டிவனத்துக்கு இட்டுக்கினு பூட்டான்."

தனம் அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் ஞாபகம் வந்தது. பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவர் முதலில் அந்த வீட்டுத் தண்ணீரைத்தான் போய்ப் பார்ப்பார். இங்கே இரண்டாவது ஆள் படுத்ததும் முதல் ஆளுக்கான வழக்கே முடிந்துபோயிருந்தது.

அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"தெரியல லெச்சுமி. அவ கையால துன்னதாலதான் கெட்டேன்னு ஒருநாள் தோணுது. அவ பூட்டதாலதான் இப்பிடி ஆயிட்டேன்னு ஒருநாள் தோணுது. வயிறு காலியா இருக்கறப்ப ரோசனை ஒண்ணும் நெலையா நிக்கல."

சரோஜா அண்ணிக்கென்று எங்கள் ஊர்ச் சாயப்பூப் போட்ட பாத்திக் கைலி ஒன்று கொண்டுவந்திருந்தேன். அதைக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி மறுநாள் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். கோவிந்தண்ணன் தடுக்கவில்லை. "அங்க கை நனைக்காத" என்று மட்டும் சொன்னார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் டயர் வெடித்தது. பின்னால் வந்த பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள். அதில் ஏற்கெனவே மூச்சு விட இடமில்லை. என் காலடியில் கோழிக் கூடை. தலைக்கு மேல் யாரோ ஒருவருடைய வாழைத்தார். "நவுந்து நில்லும்மா, இன்னும் உள்ள எடம் இருக்குது" என்று நடத்துனர் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்ப் பேருந்தில் நின்றால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இங்கே நான் எங்கிருந்து வருகிறேன், யாரைப் பார்க்கப் போகிறேன், என்ன காரியம் என்று திண்டிவனம் வருவதற்குள் பாதி வண்டிக்குத் தெரிந்துவிட்டது. "வயித்துப் போக்குக்கு மாதுளந் தோலு குடும்மா" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்லி அனுப்பினார்.

சரோஜா அண்ணியின் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டின் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டாயைக் காட்டிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். உள்ளே கோரைப்பாயில் அவள் படுத்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு. படத்தில் பார்த்த வட்ட முகம் இல்லை. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, முப்பத்தைந்து வயதுக்காரி பள்ளிப் பிள்ளையின் உடம்போடு கிடந்தாள். செம்பட்டை முடி, வெளுத்த நகம், வீங்கிய பாதம். எல்லாவற்றையும் நான் நேற்றுதான் வேறொரு உடம்பில் பார்த்திருந்தேன்.

யாரென்று சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அவுரு எப்பிடி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்கார். அண்ணி, நாக்கை நீட்டுங்க."

என்ன நினைத்தாளோ, நீட்டினாள். அதே சிவப்பு. அதே வழவழப்பு.

நான் எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள். "நான் வெக்கலம்மா. எனக்கு எதுக்கு? புள்ள இல்லாதவளுக்கு அவர வுட்டா யாரு இருக்காங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா பாறை பொய் சொல்லுமா? தெரியாத்தனமா எதனா கலந்துட்டனோ, கீரையில எதனா விசச் செடி இருந்துதோன்னு நெனச்சிக்கினே கெடக்குறேன். எந்தக் கொழம்புல, என்னிக்கின்னு நெனச்சி நெனச்சிப் பாக்குறேன். ஒண்ணும் நெனப்பு வரல."

செய்யாத குற்றத்தை எப்போது செய்தோம் என்று தேடிக்கொண்டு அந்தக் கொட்டாயில் மாதக்கணக்காகப் படுத்திருந்திருக்கிறாள். தெருவுக்குப் போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தேன். அவளை ரிக்‌ஷாக்காரரும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். பெரிய கனமில்லை. அவர், பாரமே தெரியாத வண்டியைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் வேற யாரனா வரணுமா?" என்று கேட்டார்.

ரிக்‌ஷா போய் நின்ற சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அதிகம் பேசாதவர். நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். ரத்தமும் மலமும் எடுத்து அவரே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். மருந்து எடுத்தது, பாறை, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"துவட்டுற பூந்துவாலை பார்த்திருப்பீங்க. புதுசுல நூல் நூலா எழும்பி நிக்கும், அதான் ஈரத்தை இழுக்கும். குடலுக்கு உள்பக்கமும் அப்படித்தான். இந்த நோயில அந்த நூலெல்லாம் தேஞ்சு மழுங்கிப் போகும். சாப்பிடறது ஒடம்புல ஏறாது, வழுக்கிக்கிட்டு வெளியே போயிடும். கொழுப்பு போகும், சத்து போகும், ரத்தம் ஊறாது. சோறு சாப்பிட்டுக்கிட்டே பட்டினி கிடக்கிற நோய் இது."

"எதனால வருது, டாக்டர்?"

"முழுசா யாருக்கும் தெரியாது. வெயில் அதிகமான நாடுகள்லதான் வருது. முதல்ல சாதாரண பேதி மாதிரி வரும். அழுக்குத் தண்ணியில வந்த கிருமி குடல்லேயே தங்கிடுதுன்னு சொல்றோம். சில சமயம் ஒரு வீட்ல பல பேருக்கு வரும், ஒரு தெருவுக்கே வரும். கீரை, பருப்பு, மீனெல்லாம் நிறுத்திப் பத்தியம் வச்சா இருக்கிற கொஞ்ச சத்தும் போயிடும். ஒண்ணு மட்டும் நிச்சயம். இது சோத்துல யாரும் வச்சு வர்ற நோய் இல்லை."

சிகிச்சை இவ்வளவுதானா என்று இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் நிற ஃபோலிக் அமில மாத்திரை. ரத்தம் ஊறச் சிவப்பு ஊசி. கிருமிக்கு டெட்ராசைக்ளின் குளிகை, மாதக்கணக்கில் விடாமல். காய்ச்சிய தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக நல்ல சாப்பாடு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற பொருள்கள். என் அண்ணன் படுத்திருந்த அறையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் அவை கண்ணாடிப் புட்டிகளில் இருந்திருக்கின்றன.

"உங்க அண்ணனை உடனே கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "நீங்க சொல்றதைப் பார்த்தா, அவருக்கு முத்திடுச்சு."

சரோஜா அண்ணியை அங்கேயே சேர்த்துவிட்டு, விழுப்புரம் வந்து ஒரு வாடகை அம்பாசிடரைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கோவிந்தண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனம் என்றதும் நிமிர்ந்தார்.

"அவ இருக்கற ஊருக்கா?"

"அவளுக்கும் இதே நோய்தான் அண்ணே. அவளும் அங்கேதான் படுத்திருக்கா. டாக்டர் பார்த்துட்டாங்க."

"அது பாறை குடுத்த நோய்."

"அப்படின்னா இவருக்கும் பாறையா கொடுத்துச்சு? இவர் என்ன பொய் சொன்னார்?"

கோவிந்தண்ணன் என்னை வெறித்துப் பார்த்தார். நான் சொன்னதை ஏற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வைக்கோலைப் போட்டுவிட்டு உள்ளே போனார். தம்பியை இரண்டு கையிலும் ஏந்திவந்து வண்டியில் கிடத்தி, தானும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய ஒவ்வொரு முறையும் அவர்தான் தூக்கி இறக்கினார். ஓட்டுனர் முதலில் முணுமுணுத்தார். பிறகு தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். சீக்கிரம் போகச் சொல்லி நான் கேட்டபோது, "ஜல்தி போனா குலுங்கும்மா, அவரு தாங்க மாட்டாரு" என்றார்.

சரோஜா அண்ணி படுத்திருந்த கட்டிலைத் தாண்டித்தான் அண்ணனைக் கொண்டுபோக வேண்டும். கோவிந்தண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன எறக்கு."

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் கிடத்தினார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அடையாளம் தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"நாக்க நீட்டு" என்றார் அண்ணன்.

அவள் நீட்டினாள். பார்த்தார். பிறகு தன் நாக்கை நீட்டிக் காட்டினார். சிறுபிள்ளைகள் பழிப்புக் காட்டுவது போல இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"எரியுதா?" என்று கேட்டார்.

"காரம் பட்டா."

"எனக்கு உப்பு பட்டாலே எரியுது" என்றவர் அழ ஆரம்பித்தார். கண்ணீர் வரும் அளவுக்கு உடம்பில் தண்ணீர் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கோவிந்தண்ணன் வெளியே போய்விட்டார்.

அங்கே கழிந்த நாட்களில் நான் ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அண்ணியின் நாக்குதான் முதலில் ஆறியது. ஒரு காலையில் இட்லிக்குச் சட்னி வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டிலிலிருந்து அவள் கேட்ட முதல் பொருள் அதுதான். அண்ணனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கும் பசி வந்தது. "லெச்சுமி, பசிக்குது" என்று மெதுவாக, யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுபோலச் சொன்னார். சர்க்கரை தொட்டு ஒரு இட்லி சாப்பிட்டார். எரிச்சல் குறைந்திருக்கிறது என்றார். அன்று பகலெல்லாம் எங்கள் தோட்டத்தைப் பற்றியே பேசினார்.

மறுநாள் மத்தியானம், நான் காய்ச்சிய தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய மூச்சு திணறியது. டாக்டரம்மா ஓடிவந்தார். நெஞ்சை அழுத்தினார், ஊசி போட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடம்பில் உப்புச் சத்தெல்லாம் வற்றிப்போய் இருதயம் தாங்கவில்லை என்று சொன்னார். சில மாதங்களுக்கு முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அண்ணி பக்கத்துக் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வர அவளுக்குக் காலில் பலமில்லை. கையை நீட்டினாள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கை எட்டவில்லை. நான் அவளுடைய கட்டிலை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

செய்தி கிடைத்ததும் கோவிந்தண்ணன் உடலை ஊருக்குக் கொண்டுபோக வந்தார். "அவ வர வேணாம்" என்றார். வந்திருக்கவும் அவளால் முடியாது. நான் உடலோடு போனேன். ஊரில் பெண்கள் மாரடித்து அழுதார்கள். அழுகைக்கு நடுவே ஒரு குரல் சொல்லியது என் காதில் விழுந்தது. "வெச்சவ பொயச்சிக்கினா. துன்னவன் பூட்டான்." அவள் சாகக் கிடந்தது முதல் அத்தாட்சி. இப்போது பிழைத்துக்கொண்டது இரண்டாவது அத்தாட்சி.

கருமாதியன்று பங்காளிகள் எல்லாரும் பந்தலில் கூடினார்கள். காரியம் முடிந்ததும் சரோஜாவைப் பற்றிப் பேச்சு வந்தது. இனி இந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கக் கூடாது என்றார் மூத்த பங்காளி ஒருவர். டாக்டரம்மா சொன்னதை நான் எழுந்து நின்று சொன்னேன். குடல், கிருமி, தண்ணீர், துவாலை என்று வகுப்பில் பாடம் நடத்துவதுபோல எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"நீ படிச்ச பொண்ணு. வெளி தேசத்துலேர்ந்து வந்துகிற" என்றார் அந்தப் பெரியவர். "அந்த டாக்டருக்குப் பாறைய பத்தி இன்னா தெரியும்?"

அப்போது அடுப்படி வாசலில் நின்ற தனம் அண்ணி பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கும் போயிக்கினுதான் இருக்குது."

யாருக்கும் புரியவில்லை.

"தை மாசத்துலேர்ந்து போவுது. வாயெல்லாம் வெந்து கெடக்குது. கொழம்பு தொட்டு எத்தினி நாளாவுது தெரியுமா? விடியறதுக்கு முன்ன கொல்லிக்குப் போயிட்டு வந்துடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னா இன்னா பண்ணுவீங்க? எனக்கு யாரு வெச்சான்னு கேப்பீங்க. அவ பூட்டப்பறம் இந்த வூட்டுல சோறாக்குறது நானு. எனக்கு நானே வெச்சிக்கினனா? இல்ல, நாளைக்கி என் மருமவளா வரப்போற பொண்ணயா இட்டுக்கினு போவீங்க?"

கோவிந்தண்ணன் எழுந்து நின்றார். "இன்னா சொல்ற?"

"அவ கைய புடிச்சி பாறை மேல வெச்சது நானு" என்றார் தனம் அண்ணி. "அவ கை மேலதான் என் கையும் இருந்துது. அவ பொய் சொன்னான்னா நானும் சொன்னேன். எனக்கும் சேத்துத் தீர்ப்பு சொல்லுங்க."

கோவிந்தண்ணன் மனைவியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். ஒட்டிய கன்னம், கழன்று தொங்கிய வளையல். ஒரே வீட்டில் ஒரு நோயாளியைத் தினமும் தூக்கியவர் இன்னொரு நோயாளியைப் பார்க்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி பேச்சை எடுக்கவும் இல்லை.

அடுத்த நாள் காலை கோவிந்தண்ணன் வண்டி கட்டி தனம் அண்ணியையும் என்னையும் பேருந்துக்குக் கொண்டுவந்து விட்டார். ஏறும்போது என்னிடம், "சரோஜாவாண்ட" என்று தொடங்கினார். முடிக்காமலே மாட்டைத் தட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

டாக்டரம்மா தனம் அண்ணியைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் படுத்திருந்த கட்டிலைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். வேறு இடமில்லை.

சரோஜா அண்ணி இப்போது உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த கைலியைப் போர்த்தியிருந்தாள். தனம் அண்ணி உள்ளே வந்ததைப் பார்த்தாள். அவருடைய முகத்தையும், கையிலிருந்த கூடையையும், கடைசியாக அந்தக் கையையும் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தனம் அண்ணி கட்டில் ஓரத்தில், உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல நின்றார். செவிலி வந்து மஞ்சள் மாத்திரையையும் குளிகையையும் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் கூடையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலை டம்ளரில் ஊற்றினார், பால் வாடை பக்கத்துக் கட்டில் வரை வந்தது.

"குளிகைய பால்ல போடாத" என்றாள் சரோஜா அண்ணி, சுவரைப் பார்த்தபடியே. "வேல செய்யாதாம். தோ, செம்புல காய்ச்சுன தண்ணி இருக்குது."